குமரிக்கண்டமும் ஒரு எழுத்துப்பிழையும்

அக்காவின் மகளுக்கு, கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் குமரிக்கண்டம் பற்றிப் பள்ளிக்கூட ஒப்படை. திருநெல்வேலி வீட்டில் இருந்து தேடினால் ஆறு இணையத்தளங்கள் 'குமரிக்கண்டம்தான் லெமூரியா, அது நிரூபிக்கப்பட்டது' என்கின்றன, ஆறு பேர் சொன்னால் சரிதானே என்று நானும் நம்பிவிட்டேன். "மாமா, எல்லாத்திலயும் ஒரே பிழை கிடக்கு" என்று அவள்தான் பிடித்தாள். ஆறிலும் 'ஆராச்சி'! ஒருவர் எழுதியதை மற்ற ஐந்தும் பிழையோடு பிரதி எடுத்திருக்கின்றன.

சரி, எல்லாவற்றையும் மூடிவிட்டு லெமூரியா என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடினோம். மடகஸ்காரிலும் இந்தியாவிலும் லெமூர் வகை விலங்குகள் எப்படி வந்தன என்பதை விளக்க, இரண்டையும் இணைத்த நிலம் ஒன்று முன்பு இருந்தது என்று 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் வைத்த ஊகம் அது. கண்டங்கள் நகர்வது தெரிந்தபின் தேவையற்றுப் போனது. கடல்கோள் கதை வேறு. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் கடல் கொண்ட 49 நாடுகளைச் சொல்கிறார், லெமூரியா அதில் எங்கே வரும்? ஒப்படையில் இரண்டையும் தனித்தனியாக எழுதினாள், லெமூரியா வரைபடத்தை மட்டும் வடிவாக இருக்கிறது என்று ஒட்டியேவிட்டாள்.