ஆங்கிலச் சொல்வளத்துக்குக் குறுக்கெழுத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2015 ஜூலையில் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு ஸ்கிராபிள் (எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் பலகை விளையாட்டு) உலகப் போட்டியில் நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் பட்டம் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. போட்டிக்கு முந்தைய சில வாரங்களில் பிரெஞ்சு ஸ்கிராபிளின் சொற்பட்டியலை மனப்பாடம் செய்தார், அவ்வளவுதான். 2024-இல் ஸ்பெயினின் கிரனடா நகரில் ஸ்பானிய மொழிப் பட்டத்தையும் இப்படியே வென்றார். மலைக்க வைக்கும் சாதனை. ஆனால் சொல் விளையாட்டில் ஜெயிப்பதற்கும் ஒரு மொழி கைவசமாவதற்கும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

எஸ்.எஸ்.சி., வங்கித் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள், கல்லூரி மாணவர்கள், ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதித் தீர வேண்டிய வேலையில் இருப்பவர்கள் என்று நிறையப் பேர் இப்போது குறுக்கெழுத்து, வேர்டில் (ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஊகித்துக் கண்டுபிடிக்கும் இணையப் புதிர்) போன்ற புதிர்கள் வழியாகச் சொல்வளம் சேர்க்கப் பார்க்கிறார்கள். நல்ல வழிதான். படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது நீண்ட நாள் தங்கும் என்று ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். குறுக்கெழுத்து நம்மை அதைத்தான் செய்ய வைக்கிறது. விளக்கத்தைப் பார்த்து, சொல்லை உள்ளேயிருந்து எடுக்கச் சொல்கிறது.

ஆனால் உள்ளே இல்லாததை எடுக்க முடியாதே. ஒரு சொல்லை எங்கேயாவது ஒரு முறையாவது படித்திருந்தால், கேட்டிருந்தால்தான் புதிர் அதை நன்றாகப் பதிய வைக்கும். சொல் கிடைக்கும் இடம் வாசிப்பும் பேச்சும். புதிர், கிடைத்த சொல்லைத் தட்டிப் பார்க்கும் இடம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் கீழே சொல்லப்போகும் தவறுகள் பெரும்பாலும் வருகின்றன.

முதல் தவறு, பொருந்தாத புதிரை எடுத்துக்கொண்டு உட்காருவது. தி இந்து நாளிதழில் தினமும் வருவது ‘கிரிப்டிக்’ வகைக் குறுக்கெழுத்து. அதில் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ விடையின் பொருள் இருக்கும். மீதியெல்லாம் எழுத்து விளையாட்டு. எழுத்துகளைக் கலைத்து அடுக்கச் சொல்லும், பின்னாலிருந்து வாசிக்கச் சொல்லும், ஒரு சொல்லுக்குள் இன்னொன்றை ஒளித்து வைக்கும். ‘லிசன்’ என்பதன் ஆறு எழுத்துகளை மாற்றி அடுக்கினால் ‘சைலன்ட்’ வருகிறதே, அந்த மாதிரி. குறிப்பில் ‘டிரங்க்’ என்று வந்தால் அங்கே யாரும் குடித்திருக்க வேண்டியதில்லை. பக்கத்துச் சொல்லைக் கலைத்துப் போடு என்று அர்த்தமாக இருக்கலாம். ஆங்கிலம் ஏற்கெனவே சரளமாக இருப்பவர்களுக்கு இது அருமையான கலை. சொல்வளத்தைத் தொடங்குபவர், ஒரு மணி நேரம் போராடி நாலு கட்டம் நிரப்பிவிட்டு ‘எனக்கு ஆங்கிலமே வராது’ என்று முடிவுகட்டுவது வீண் துயரம். அவர் தோற்றது ஆங்கிலத்தில் இல்லை, அவருக்கு யாரும் சொல்லித்தராத விதிகளில்.

அமெரிக்கக் குறுக்கெழுத்துகளில் வேறு ஒரு சிக்கல். நியூயார்க் டைம்ஸ் புதிர் திங்கட்கிழமை எளிதாகத் தொடங்கி, சனிக்கிழமை வரை படிப்படியாகக் கடினமாகும். அதனால் திங்கட்கிழமைப் புதிர் தொடக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் அந்த ஊர் பேஸ்பால் வீரர்கள், தொலைக்காட்சித் தொடர்கள், கடைப்பொருள்கள் எல்லாம் அதில் வரும். அவை தெரியாமல் போனால் அது சொல்வளக் குறை ஆகாது. அங்கே திரும்பத் திரும்ப வரும் சில குட்டிச் சொற்களும் உண்டு. ‘எர்ன்’ என்றால் ஒரு வகைக் கடல் கழுகு. ‘எட்வீ’ என்றால் ஊசி வைக்கும் சின்னப் பெட்டி. ‘ஓரியோ’ பிஸ்கட்டும் அடிக்கடி வந்து நிற்கும். உயிரெழுத்துகள் நிறைந்த சின்னச் சொற்கள் கட்டத்தை நிரப்ப வசதியானவை என்பதுதான் காரணம். ஆங்கிலம் பேசுபவர்கள் அவற்றைப் புழங்குகிறார்கள் என்று நினைத்து நோட்டில் வரிசையாக எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள்.

எந்தச் சொல்லுக்கு நேரம் கொடுப்பது என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. மொழி ஆய்வாளர் ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்தவையும்) உள்ளன. ‘அனலைஸ்’, ‘சிக்னிஃபிகன்ட்’, ‘ஹைப்பாதெசிஸ்’ போல எந்தத் துறைப் பாடநூலிலும் வரக்கூடியவை. ஆக்ஸ்ஃபோர்ட், லாங்மன் கற்போர் அகராதிகள் அதிகம் புழங்கும் சொற்களுக்குத் தனிக் குறியே போடுகின்றன. புதிரில் புதுச்சொல் ஒன்று கிடைத்தால் முதலில் அந்தக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரசித்துவிட்டு விட்டுவிடலாம்.

வேர்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜோஷ் வார்டில் அதை உருவாக்கியபோது, ஐந்தெழுத்துச் சொற்களில் தனக்குத் தெரிந்தவற்றைப் பிரித்தெடுத்துத் தந்தவர் அவருடைய துணைவி பாலக் ஷா. அப்படிச் சலித்து எடுத்த சுமார் 2,300 சொற்கள்தான் விடைகளாக வந்தன. ஆகவே விடைகளில் பெரும்பகுதி உங்களுக்கு முன்பே தெரிந்ததாக இருக்கும். ஸ்பெல்லிங் பழக்கத்துக்கு அது உதவும், புதிய சொற்களுக்கு அதை நம்ப வேண்டாம். ஸ்பெல்லிங்கும் அமெரிக்க முறையில் இருக்கும். 2022 தொடக்கத்தில் ‘ஃபேவர்’, ‘ஹ்யூமர்’ இரண்டும் ‘யூ’ இல்லாமல் விடையாக வந்தபோது பிரிட்டனில் பலர் கொதித்தார்கள். நம் பள்ளிப் பாடம் பிரிட்டிஷ் முறை. தேர்வில் இரண்டையும் கலந்து எழுதாதீர்கள்.

விளக்கமும் சொல்லும் ஒன்று என்று நினைப்பது

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு இதுதான். குறுக்கெழுத்துக் குறிப்பின் வேலை விடையைச் சுட்டுவது மட்டுமே. அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துவது என்று கற்றுத்தரும் பொறுப்பு அதற்கு இல்லை. ‘நோட்டோரியஸ்’ என்ற விடைக்கு ‘வெல் நோன்’ என்று ஒருவர் குறிப்பு தரலாம், புதிரில் அது செல்லும். அதை நம்பி ஒரு பாராட்டு விழா அழைப்பிதழில் ‘சமூக சேவையில் நோட்டோரியஸ்’ என்று போட்டால் என்ன ஆகும்? அந்தச் சொல் கெட்ட காரியத்துக்குப் பேர் போனவரைக் குறிப்பது. ‘ஸ்லிம்’, ‘தின்’, ‘ஸ்கின்னி’ மூன்றுமே ஒல்லிதான். முதலாவது பாராட்டு, இரண்டாவது வெறும் தகவல், மூன்றாவது பல இடங்களில் புண்படுத்தும். ‘சைல்ட்லைக்’ என்றால் குழந்தை உள்ளம், ‘சைல்டிஷ்’ என்றால் சிறுபிள்ளைத்தனம். கட்டத்துக்குள் எழுத்து எண்ணிக்கை பொருந்திவிட்டால் இந்த வேறுபாடெல்லாம் கண்ணில் படுவதே இல்லை.

ஒரு சொல் பக்கத்தில் எதைச் சேர்த்துக்கொள்ளும் என்பதையும் குறிப்பு சொல்லாது. தமிழில் பலத்த காற்றும் அடிக்கும், பலத்த மழையும் பெய்யும். அந்தப் பழக்கத்தில் ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் காற்றுக்குத்தான் ‘ஸ்ட்ராங்’, மழைக்கு ‘ஹெவி’. ‘ஒன்றைப் பற்றி விவாதித்தோம்’ என்பது நம் வாக்கியம், அதனால் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று கை தானாக எழுதும். அங்கே ‘அபௌட்’ வரக்கூடாது. ‘ரிலக்டன்ட்’ என்றால் தயக்கம் என்று தெரிந்தவர்களில் பலருக்கு, அதற்குப் பின் ‘டு’ போட்டு வினைச்சொல் வர வேண்டும் என்று தெரிவதில்லை. சொல்லின் பொருள் தெரிந்தும் வாக்கியம் எழுத முடியாமல் நிற்பவர்களை நான் பார்ப்பது இந்த இடத்தில்தான்.

இதற்கு மருந்து நல்ல அகராதி. எந்த அகராதி என்பது முக்கியம். 1755-இல் வெளிவந்த தன் பெரிய அகராதியில் சாமுவேல் ஜான்சன் ‘நெட்வொர்க்’ என்ற சாதாரணச் சொல்லை விளக்க ‘ரெட்டிகுலேட்டட்’, ‘டெகஸேட்டட்’ என்று இரண்டு பூதங்களைக் கொண்டுவந்தார். விளக்கத்துக்கு இன்னொரு விளக்கம் தேடி அலைய வேண்டிய நிலை. இந்த அவஸ்தையைத் தீர்க்க முனைந்தவர்களில் முன்னோடி மைக்கேல் வெஸ்ட். இன்றைய வங்கதேசத்தின் டாக்கா நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். நம்மைப் போல ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும் பிள்ளைகள் எங்கே திணறுகிறார்கள் என்று கண்ணால் பார்த்தவர். 1935-இல் அவரும் எண்டிகாட் என்பவரும் சேர்ந்து, ஏறக்குறைய 1,500 எளிய சொற்களை மட்டும் வைத்து எல்லா விளக்கங்களையும் எழுதி ஓர் அகராதி கொண்டுவந்தார்கள். 1978-இல் வந்த லாங்மன் அகராதி சுமார் 2,000 சொற்களுக்குள் விளக்கங்களை அடக்கியது. 1987-இல் வந்த கோபில்ட் அகராதி இன்னும் ஒரு படி மேலே போய், விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது. ‘ரிலக்டன்ட்’ என்ற சொல்லுக்கு, ‘நீங்கள் ஒன்றைச் செய்ய ரிலக்டன்ட்டாக இருந்தால்...’ என்பது போலத் தொடங்கும். சொல்லோடு ‘டு’வும் வந்துவிடும். லாங்மன், கோபில்ட் அகராதிகளின் இணையப் பதிப்புகளை இலவசமாகப் பார்க்கலாம். புதிர் முடிந்ததும் அங்கே போங்கள். தேடுபொறி காட்டும் ஒற்றை வரி விளக்கத்தோடு நிறுத்தாதீர்கள், உதாரண வாக்கியங்களைப் படியுங்கள்.

வேர்ச்சொல்லை வைத்து ஊகிப்பது

போட்டித் தேர்வுகளில் ஒரு தொடருக்கு ஒரு சொல் என்று ஒரு பகுதி வரும். அதற்காக வேர்ச்சொற்கள் படிப்பது பயனுள்ளதுதான். ‘ஆந்த்ரோப்’ என்றால் மனிதன் என்று தெரிந்தால் ‘ஃபிலன்த்ராபிஸ்ட்’, ‘மிஸாந்த்ரோப்’ இரண்டையும் எளிதில் பிடிக்கலாம். ஆனால் ‘மிஸாந்த்ரோப்’பில் உள்ள ‘மிஸ்’ வெறுப்பைக் குறிக்கும் கிரேக்க வேர். ‘மிஸ்டேக்’கில் உள்ள ‘மிஸ்’ தவறு என்ற பொருள் தரும் வேறொன்று. உருவம் ஒன்று, பிறப்பு வேறு. இதைவிட ஆபத்தானது ‘இன்ஃப்ளேமபிள்’. நம் நெடுஞ்சாலைகளில் ஓடும் பெட்ரோல் டேங்கர் லாரிகளின் முதுகில் பார்த்திருப்பீர்கள். முன்னால் ‘இன்’ இருப்பதால் தீப்பிடிக்காதது என்று ஒருவர் ஊகித்தால்? அது எளிதில் தீப்பிடிக்கும் என்பதே பொருள். ‘ஃப்ளேமபிள்’ என்றாலும் அதேதான். இந்தக் குழப்பத்தால்தான் எச்சரிக்கைப் பலகைகளில் ‘ஃப்ளேமபிள்’ என்றே எழுதும் வழக்கம் பல நாடுகளில் வந்தது. வேரைக் கொண்டு ஊகிக்கலாம், சரி. ஊகத்தை அகராதியில் பார்த்து உறுதி செய்த பிறகே நோட்டில் ஏற்ற வேண்டும்.

அதே பகுதிக்காக ‘ஃபோபியா’வில் முடியும் சொற்களை ஒரே நாளில் அடுக்காகப் படிப்பவர்கள் உண்டு. ஒரே வகைச் சொற்களைச் சேர்த்துப் படித்தால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கற்பது கடினமாகிறது என்று 1990-களில் நடந்த ஆய்வுகள் காட்டின. முதலில் ஒன்றை நன்றாக ஊன்றிவிட்டு, சில நாள் கழித்து அடுத்ததற்குப் போவது நல்லது.

உச்சரிப்பைக் கேட்காமல் விடுவதும் புதிர்க்காரர்களுக்கே உரிய குறை. கட்டத்தில் எழுத்துதான் இருக்கிறது, ஒலி இல்லை. ‘எபிட்டமி’யை ‘எபிடோம்’ என்றும், ‘டெப்ரி’யை ‘டெப்ரிஸ்’ என்றும் ஆண்டுக்கணக்கில் மனதுக்குள் வாசித்திருப்பார்கள். நேர்காணலில் எதிரே இருப்பவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அடையாளம் தெரியாது. இணைய அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தை ஒரு தட்டு தட்டினால் போதும். பின்னோடு வாய்விட்டுச் சொல்லுங்கள்.

விடையை உடனே திறந்து பார்ப்பதும் தவறு. தப்பாகவே இருந்தாலும் ஒரு விடையை முயன்று பார்த்த பிறகு சரியானதைப் பார்த்தால் நன்றாகப் பதிகிறது. மாட்டிக்கொண்டால் புதிரை மூடி வைத்துவிட்டு மறுநாள் எடுங்கள்.

அப்புறம், கட்டம் நிரம்பியதோடு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவது. ஒரு வாரம் கழித்து அதே புதிரைக் கொடுத்தால் பாதி விடை போயிருக்கும். ஜெர்மன் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் சொன்ன பெட்டி முறை இதற்குக் கச்சிதம். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. எல்லாம் முதல் பெட்டியில். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அதைக் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பார்த்தால் போதும். தவறினால் மறுபடி முதல் பெட்டி. அட்டையின் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் அந்தச் சொல்லை வைத்து உங்கள் வீடு, வேலை, ஊர் பற்றி நீங்களே எழுதிய ஒரு வாக்கியம். தமிழ்ப் பொருளை மட்டும் எழுதி வைக்காதீர்கள். இன்னொரு பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்: முடித்த புதிரின் குறிப்புகளை மறைத்துவிட்டு, விடை ஒவ்வொன்றுக்கும் எளிய ஆங்கிலத்தில் நீங்களே விளக்கம் எழுதுங்கள். பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல்லாகவும் வினைக்கு வினையாகவும் எழுத வேண்டும். நல்ல குறுக்கெழுத்தில் குறிப்பும் விடையும் அப்படித்தான் பொருந்தும், காலம், ஒருமை, பன்மை உட்பட.

பிள்ளைகளுக்கு என்று பெற்றோர் அதிகம் வாங்குவது எழுத்துக் குவியலில் சொற்களைத் தேடி வட்டமிடும் புத்தகங்கள். கீழே சொற்பட்டியல் இருக்கும், குழந்தை எழுத்து வரிசையை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்கும். பொருளே தெரியாமல் பக்கம் முழுக்க முடித்துவிடலாம். அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். சொற்பட்டியல் மேல் ஒரு தாளை வைத்து மறையுங்கள். ‘மழையில் தலைக்கு மேல் பிடிப்பது’ என்பது போல ஒவ்வொரு சொல்லுக்கும் எளிய ஆங்கிலத்தில் ஒரு குறிப்பை நீங்கள் வாயால் சொல்லுங்கள். குழந்தை முதலில் சொல்லை யோசித்துச் சொல்லட்டும், பிறகு கட்டத்தில் தேடட்டும்.