ஏஎஃப் திரும்புமா? பி அலையை அளந்து பார்க்கும் முறை

கார்டியோவெர்ஷனோ (மின்அதிர்ச்சியாலோ மருந்தாலோ துடிப்பைச் சீராக்குவது) அப்லேஷனோ (கோளாறு செய்யும் தசையைச் சுட்டோ உறையவைத்தோ முடக்குவது) செய்து சீரான துடிப்புக்கு வந்தவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏஎஃப், இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது) மறுபடி தலைகாட்டுமா? ஈசிஜியில் இதற்கான தடயம், ஒவ்வொரு துடிப்பிலும் முதலில் வரும் சின்ன மேடான பி அலையில் இருக்கிறது. வலது மேலறையில் கிளம்பும் மின்தூண்டல் இடது மேலறை முழுக்கப் பரவி முடிக்கும் நேரமே அதன் அகலம். மேலறைத் தசையில் தழும்பு கூடக் கூட ஓட்டம் தாமதமாகி, அலை அகலும். ஏஎஃப்பை ஓட்டும் மின்சுழல் நிலைத்துச் சுழலவும் அந்தத் தழும்பே இடம் கொடுக்கிறது.

அளப்பதற்கு முன் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும். பெரும்பாலான கோளாறு இங்கேதான். மார்பில் ஒட்டும் வி1, வி2 எலக்ட்ரோடுகளின் இடம் நான்காவது விலா இடைவெளி. மார்பெலும்பின் வலது ஓரத்தில் வி1, இடது ஓரத்தில் வி2. கண்ணளவில் ஒட்டினால் இரண்டாவது, மூன்றாவது இடைவெளிக்கு ஏறிவிடும். கழுத்தடிக் குழியிலிருந்து விரலைக் கீழே இழுத்தால் மார்பெலும்பில் ஒரு மேடு தட்டும். அதன் பக்கத்தில் இருப்பது இரண்டாவது விலா, அதற்குக் கீழே இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து எண்ணி இறங்குங்கள். மேலே ஒட்டிவிட்டால் நல்ல இதயத்திலும் வி1-இன் பி அலை ஆழமாகக் கீழிறங்கி, இடது மேலறை கெட்டிருப்பதாகப் பொய் காட்டும்.

வேகமான சிற்றலைகளை வெட்டும் ஃபில்டரை 150 ஹெர்ட்ஸில் வையுங்கள். 40-க்கு இறக்கினால் கோடு அழகாக இருக்கும், ஆனால் பி அலையின் சின்னச் சின்னப் பிளவுகள் மழுங்கிப் போகும். வேகம் விநாடிக்கு 50 மி.மீ., உயரம் மில்லிவோல்ட்டுக்கு 20 மி.மீ. என்று மாற்றினால் ஒரு சின்னக் கட்டம் 20 மில்லி செகண்ட், அளப்பது எளிது.

12 லீடும் (இதயத்தை வெவ்வேறு கோணத்தில் காட்டும் பதிவுகள்) ஒரே நேரத்தில் பதிவாகியிருக்க வேண்டும். எந்த லீடில் பி அலை முதலில் தொடங்குகிறதோ அங்கிருந்து, எதில் கடைசியாக முடிகிறதோ அதுவரை அளங்கள். லீட் 2-ஐ மட்டும் அளந்தால் அகலம் குறைத்துக் காட்டும்.

120 மில்லி செகண்டுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 120-ஐத் தொட்டால் இரு மேலறைகளுக்கு இடையே கடத்தல் தாமதம். அதோடு லீட் 2, 3, ஏவிஎஃப் மூன்றிலும் முன்பாதி மேலேயும் பின்பாதி கீழேயும் போனால், பாக்மன் கற்றை (இரு மேலறைகளையும் இணைக்கும் தசைப்பாதை) அடைபட்டு, தூண்டல் இடது மேலறைக்குள் கீழிருந்து மேலாக ஏறுகிறது என்று பொருள். ஏஎஃப் திரும்பும் வாய்ப்பு இவர்களுக்குத் தெளிவாகவே அதிகம். அடுத்து வி1: பின்பாதியின் ஆழத்தை மில்லிமீட்டரிலும் அகலத்தை விநாடியிலும் எடுத்துப் பெருக்குங்கள். 0.04-க்கு மேல் போனால் இடது மேலறை சரியில்லை. வழக்கமான 25 மி.மீ. வேகம், 10 மி.மீ. உயரம் வைத்த தாளில் இது ஒரு சின்னக் கட்டத்தின் அளவு; 20 மி.மீ. உயரத்தில் எடுத்திருந்தால் ஆழத்தைப் பாதியாக்கிக்கொண்டு பெருக்குங்கள்.

துடிப்பைச் சீராக்கும் மருந்துகளான அமியோடரோன், ஃப்ளெகெய்னைடு இரண்டும் பி அலையை அகலமாக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் அலை தட்டையாகும். ஆகவே மருந்தின் பெயரையும் பொட்டாசியம் அளவையும் தாளிலேயே எழுதி வையுங்கள். அடுத்த முறையும் அதே அமைப்பில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். அப்லேஷனுக்குப் பின் முதல் 8 வாரத்தில் வரும் ஏஎஃப், புண் ஆறும் காலத்து எரிச்சலாலும் இருக்கலாம்; 2024-இன் சர்வதேச நிபுணர் அறிக்கை அதைத் தோல்வியாகக் கணக்கிடுவதில்லை.

ஹோல்டர் (துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும், உடலில் மாட்டும் கருவி) போட்டிருந்தால் மேலறையிலிருந்து வரும் கூடுதல் துடிப்புகளையும் எண்ணுங்கள். மணிக்கு 30-ஐ எட்டினாலோ, தொடர்ச்சியாக 20 துடிப்பு ஓடினாலோ அடிக்கடி ஈசிஜி எடுக்க வேண்டிய ஆள் அவர்.

பி அலை இயல்பாக இருக்கிறது என்று ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நிறுத்தவே கூடாது. அதை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயச் செயலிழப்பு, முன்பு வந்த பக்கவாதம் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்வார்.