சூஸ், சோஸ், சோசன்: தடுமாறாமல் எழுத

சாயந்திரங்களில் எங்கள் வீட்டு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் ஒரு பையன், ‘தேர்ந்தெடுத்தேன்’ என்பதற்கு ‘சோஸ்’ (chose) போடாமல், ‘ஐ சூஸ்டு காமர்ஸ்’ என்று எழுதிக்கொண்டு வந்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, கல்லூரி முடிகிறவரை நானும் அப்படித்தான் எழுதினேன். இம்போசிஷன் எழுதியும் மண்டையில் ஏறவில்லை. சொல்லின் பூர்வீகம் தெரிந்த பிறகுதான் ஏறியது.

சூஸ் (choose) ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை. பழைய ஆங்கிலத்தில் ‘சேயோசான்’. இன்னும் பின்னால் போனால் ‘சுவைத்துப் பார்’ என்ற பொருளுள்ள வேரில் போய் நிற்கும். சுவையைக் குறிக்கும் லத்தீன் ‘குஸ்துஸ்’ஸும் அதே வேர்தான். அருவருப்பைக் குறிக்கும் ‘டிஸ்கஸ்ட்’ (disgust) அந்த லத்தீன் வழியாக வந்தது. மாம்பழ வண்டிக்காரர் ஒரு கீற்று நறுக்கிக் கையில் தருவார், வாயில் போட்டுப் பார்த்துவிட்டு ‘இதுலயே ரெண்டு கிலோ போடுங்க’ என்போமே, அதுதான் ஆதி சூஸ். நம் ‘தேர்ந்தெடு’வில் உள்ள தேர் என்றால் ஆராய்வது. அவர்கள் நாக்கை நம்பியிருக்கிறார்கள்!

சரி, எழுத்துக்கு வருவோம். சூஸைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஃபிரீஸ், ஃபிரோஸ், ஃபிரோசன் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் சூஸ், சோஸ், சோசன் சொல்லுங்கள். ஃபிரோசன் பட்டாணி பாக்கெட்டைப் பார்க்காதவர் யார்? வெறும் ஓசைக்காகச் சொல்லவில்லை, பழைய ஆங்கிலத்திலேயே இரண்டும் ஒரே மாதிரி திரிந்த வினைகள். இரண்டு ‘ஓ’ நிகழ்காலத்துக்கு மட்டும். இறந்தகாலத்தில் ஒன்றைக் கழற்றிவிட வேண்டும். ஒரு காலத்தில் இரண்டு ‘ஓ’வுக்குப் பதில் ‘யூ’ போட்டும் எழுதினார்கள். 1787-இல் எழுதிய அமெரிக்க அரசியல் சாசனத்தில் அப்படித்தான் இருக்கிறது. நீங்கள் எழுதினால் மார்க் போகும்.

உச்சரிக்கும்போது தொண்டையில் விரல் வையுங்கள். சூஸின் கடைசி ஒலி இசட், அதிர வேண்டும். ‘சாய்ஸ்’ முடியும்போது அதிராது. முதல் எழுத்து ‘பச்சை’யில் வருகிற அழுத்தமான ச்ச. அதை மெலிதாக்கினால் கேட்பவர் ஷூஸ் என்று நினைத்துக் காலைப் பார்ப்பார்.

அப்புறம், ‘ஐ ஆப்டட் பயாலஜி’ என்று எழுதுகிறவர்கள் நிறைய. அதே பொருளுள்ள ஆப்ட் (opt) லத்தீன் வழி வந்த சொல், பின்னால் ‘ஃபார்’ கேட்கும். சூஸுக்கு அந்த ஒட்டு வேண்டாம், ‘ஐ சோஸ் பயாலஜி’ போதும்.

மறுநாள் அந்தப் பையன் ‘சோஸ்’ஸைச் சரியாகப் போட்டு வந்தான். ஆனால் அடுத்த வரியில் ‘சூஸ் பிட்வீன் காமர்ஸ் ஆர் சயின்ஸ்’. ‘டீயா காபியா’ என்று தமிழில் கேட்டுப் பழகிய நமக்கு ‘ஆர்’தான் கைக்கு வரும். பிட்வீன் வந்தால் நடுவில் ‘அண்ட்’ போடுங்கள்.