சவுனா அடுப்பில் கல் அடுக்குவது

பின்லாந்தின் தம்பெரே நகரில் இந்த வீட்டை வாங்கிய முதல் குளிர்காலத்தில் எங்கள் சவுனா, அதாவது ஆவிக் குளியல் அறை, சூடாக ஒன்றரை மணி நேரம் எடுத்தது. பாதியிலேயே அடுப்பு தானாக அணைந்துவிடும். அடுப்பைச் சூடேற்றும் கம்பி போய்விட்டது, புது அடுப்புதான் என்று நான் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார். மேலே இருந்த நாலு கல்லை எடுத்தார், சிரித்துவிட்டார். முன்பு இருந்தவர்கள் காம்பவுண்டு சுவர் கட்டுகிற மாதிரி இடைவெளியே இல்லாமல் கல்லை அடைத்து வைத்திருந்தார்கள். காற்று போக வழியில்லை. உள்ளே சூடு முட்டியதும் பாதுகாப்பு சுவிட்ச் அணைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அந்த அடுப்புக்கு இங்கே கியுவாஸ் என்று பெயர். அதன் கல்லில் தண்ணீர் ஊற்றினால் எழும் ஆவி, லொயுலு. ஆவி நன்றாக வருவதும் சுள்ளென்று முகத்தில் அடிப்பதும் கல்லின் கையில்தான் இருக்கிறது.

முதலில் எந்தக் கல் என்று பார்க்கலாம். நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரையில் வழவழவென்று அழகாகக் கிடந்த கற்களை ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். பெரியவர் ஒன்றைக்கூடத் தொடவில்லை. கரைக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும், அதில் நீர் புகுந்திருக்கும்; சூட்டில் வெடிக்கலாம். கிரானைட்டில் குவார்ட்ஸ் என்ற கனிமம் இருப்பதால் சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் சீக்கிரம் விரிசல் விடும். சுண்ணாம்புக்கல் நீறிவிடும். போதாக்குறைக்கு, இங்கே காட்டில் பெர்ரி பறிக்க யாருக்கும் உரிமை உண்டு, கல் எடுக்க நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். மறுநாளே திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டேன்.

கடையில் 20 கிலோ பெட்டியாக விற்கிறார்கள். பெரிடோடைட் என்ற கல்வகை எங்கும் கிடைக்கும். ஒலிவின் டயபேஸ் என்ற இன்னொரு வகை கனமானது, அதிக நாள் உழைக்கும். என் ஓட்டு அதற்குத்தான். மின் அடுப்புக்கு 5 முதல் 10 செ.மீ. கல், விறகு அடுப்புக்கு 10 முதல் 15 செ.மீ. அடுப்பு எத்தனை கிலோ தாங்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். அழகுக்காக விற்கும் வெள்ளைச் செராமிக் உருண்டைகளைக் கையேடு அனுமதித்தால் மட்டும் போடுங்கள்.

ஜூன் நடுவில், யுஹன்னுஸ் என்ற கோடை விழாவுக்கு முந்தைய வாரம், வருஷம் தவறாமல் கல்லை இறக்கி மறுபடி அடுக்குகிறேன். அடுப்பு ஆறியிருக்க வேண்டும், மெயின் ஃபியூஸை அணைத்திருக்க வேண்டும். தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பேன். மண்பானையைத் தட்டிப் பார்ப்பது போல இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டுங்கள். ‘டங்’ என்றால் வைத்துக்கொள்ளலாம். ‘டொப்’ என்றால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. போன வருஷம் ஒரு கல்லைச் சும்மா அழுத்தினேன். மேலே கருப்பாகக் கெட்டியாகத் தெரிந்தது, அச்சுவெல்லம் மாதிரி உள்ளங்கையில் உதிர்ந்தது. அடியில் சேர்ந்திருக்கும் தூளை வாக்யூமால் உறிஞ்சிவிடுங்கள். காற்றுப் பாதையை அடைப்பது அதுதான்.

புதுக் கல்லைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும், தூசி போகவில்லை என்றால் முதல் நாள் மூச்சு முட்டும். பெரியது அடியில், சிறியது மேலே. கம்பிகளுக்கு நடுவே தட்டையான நீளக் கல்லை நெட்டாக நிறுத்துங்கள், ஆனால் ஆப்பு மாதிரி செருகாதீர்கள். செருகினால் சூட்டில் கம்பி வளையும். கல்லின் பாரம் கல்மீதே இருக்க வேண்டும், கம்பி மீது இறங்கக்கூடாது. மேலே கம்பி வெளியில் தெரியாமல் மூடினால் போதும், கோபுரம் எழுப்ப வேண்டாம். கல்லைக் கொட்டிக் கவிழ்க்கவே கூடாது. எனக்கு 20 கிலோவை அடுக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. கலைத்து இரண்டாம் முறை அடுக்கும்போதுதான் சரியாக அமையும், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதல் தடவை சூடேற்றும்போது யாரும் உள்ளே உட்காராமல் கதவைத் திறந்து வையுங்கள், ஒரு வாடை வரும், போய்விடும். பிறகு கல் நன்றாகக் காய்ந்த பிறகே நீர். குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும். கடல் நீரும் குளோரின் கலந்த நீரும் கம்பியை அரித்துவிடும். ஒரு தடவைக்குக் கரண்டியில் 200 மி.லி.க்கு மேல் வேண்டாம். வாளியோடு ஊற்றினால் பாதி ஆவியாகும், மீதி கொதிநீராகக் காலில் தெறிக்கும். என் மைத்துனன் ஊற்றிக் காட்டியிருக்கிறான்.

வாரம் இரண்டு நாள் குளிக்கும் எங்கள் வீட்டில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எல்லாக் கல்லையும் மாற்றுகிறேன். அதற்கு முன்பே சூடாக நேரமெடுத்தால், ஊற்றிய தண்ணீர் சீறாமல் கீழே ஓடினால், கல் அமிழ்ந்து கம்பி எட்டிப் பார்த்தால், காத்திருக்க வேண்டாம். கழித்த கல்லைப் பெரியவர் மழைநீர்க் குழாயின் அடியில் கொட்டிவைக்கிறார். தூளை நான் ஒரு டப்பாவில் சேர்த்துவைத்திருக்கிறேன். ஜனவரியில் வாசற்படி பனியில் வழுக்கும்போது தூவ.