லிங்கன் சென்ட்டில் இரட்டை எழுத்து: அசல் இரட்டை அச்சா, எந்திரக் கோளாறா?

பழைய அமெரிக்கச் சென்ட்டுகள் ஒரு கைப்பிடி கிடைத்தன. அதில் ஒரு 1969 எஸ் காசில் (எஸ் என்பது சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் குறி) ஆண்டு இரட்டையாகத் தெரிந்தது. இரட்டை அச்சு என்னும் அரிய பிழைக்காசு கிடைத்துவிட்டது என்று இரண்டு நாள் மிதந்தேன். மூன்றாம் நாள் தெரிந்தது, அது வெறும் ஒரு சென்ட்தான் என்று.

முதலில் கருவி. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் (கையடக்க உருப்பெருக்கிக் கண்ணாடி) போதும். யுஎஸ்பி நுண்ணோக்கி வேண்டாம் என்பேன். அதன் வட்ட விளக்கு இல்லாத நிழலையெல்லாம் காட்டும். மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, காசை விளிம்பில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

அடுத்து ஆண்டு, 'லிபர்ட்டி', 'இன் காட் வி டிரஸ்ட்' மூன்றையும் பாருங்கள். அசல் இரட்டை அச்சில், பிழை காசை அடிக்கும் அச்சிலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் ஹப் என்னும் தாய் அச்சை, காசை அடிக்கும் வேலை அச்சில் ஒருமுறைக்கு மேல் அழுத்துவார்கள். இரண்டாம் அழுத்தம் சற்றே திரும்பினால் எழுத்து இரண்டாகப் பதியும். அதனால் காசில் இரண்டு உருவமும் மேடாக, உருண்டையாக நிற்கும், எழுத்து தடித்திருக்கும், அதன் கால் முனை மீன்வால்போல் பிளந்திருக்கும்.

எந்திர இரட்டிப்பு வேறு. அடித்து முடிந்த கணத்தில் தளர்ந்த அச்சு நகர்ந்து எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடும். புதிதாக எதுவும் சேரவில்லை, இருந்ததுதான் குறைந்தது. நசுங்கிய இடம் படிக்கட்டுபோல் தட்டையாக, தாழ்ந்து, பளபளக்கும். நான் சறுக்கியது இங்கேதான்: லூப்பில் அந்தப் படியும் இன்னொரு எழுத்தாகவே தெரிந்தது. சாதாரண 1969 சென்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்தபிறகுதான் என் காசின் எழுத்து மெலிந்திருப்பது புரிந்தது.

அப்புறம் 'எஸ்' குறி. அப்போதெல்லாம் அது ஹப்பில் இருக்காது. வேலை அச்சில் தனியாகக் கையால் அடிப்பார்கள். எனவே அசல் 1969 எஸ் இரட்டை அச்சில் அந்தக் குறி ஒற்றையாகவே இருக்கும். என் காசில் எஸ்ஸும் இரட்டை! சரி, கதை முடிந்தது.

பின்சேர்க்கை: 1955 சென்ட்டில் கடைசி 5க்கு மட்டும் மெல்லிய நிழல் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். அது அச்சு தேய்ந்ததால் வருவது. 'ஏழையின் இரட்டை அச்சு' என்று பெயர் வைத்து விற்கிறார்கள். அசல் 1955 காசில் ஆண்டும் வாசகமும் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரியும். போலிகளும் ஏராளம், அதனால் சான்றிதழ் இல்லாமல் அதை நான் வாங்கமாட்டேன்.