பாறை மலையில் பறவை பார்க்க: முதலில் வெள்ளைக் கறை

செங்குத்துப் பாறையில் பறவையைத் தேடிக் கண்ணை நோகடிக்காதீர்கள். எச்சத்தின் வெள்ளைக் கறையைத் தேடுங்கள். வல்லூறும் பாறும் (பிணந்தின்னிக் கழுகு) ஒரே விளிம்பில் திரும்பத் திரும்ப அமர்வதால், அதன் கீழே சுண்ணாம்பு ஊற்றியதுபோல் கோடுகள் வழிந்திருக்கும். நீர் கசிந்து படிந்த உப்பும் வெள்ளைதான், ஆனால் அது பெரும்பாலும் விரிசலிலிருந்து இறங்கும். இங்கேதான் பலர் ஏமாறுவது.

8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன் லென்ஸ் உள்ள பைனாகுலர் போதும், 10 மடங்கில் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள். பாறை சூடேறி வெப்பக்காற்று எழுந்தபின்தான் பெரிய பறவைகள் வட்டமிடக் கிளம்பும். அமர்ந்த நிலையில் பார்க்க அதற்கு முன்பே போய்விடுங்கள். நடுப்பகலில் கானல் எல்லாவற்றையும் கலக்கிவிடும்.

பறவை கத்திக்கொண்டே தலைக்கு மேல் சுற்றினால் பக்கத்தில் கூடு இருக்கலாம். உடனே பின்வாங்குங்கள், அடைகாக்கும் பறவை எழுந்துவிட்டால் முட்டை வெயிலில் கெட்டுவிடலாம்.