வீட்டில் கட்டும் விமானத்துக்கு எந்த ட்ரிம்: மோட்டாரா, கையா?

சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் இன்ஜினுக்கும் பேனலுக்கும் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ட்ரிம் என்று வந்தால் மட்டும் கிட் ஆர்டர் படிவத்தில் ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். மின்சார ட்ரிம், கையால் இயக்கும் ட்ரிம் இரண்டுமே நன்றாக வேலை செய்யும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் இரண்டும் கெட்டுப்போகிற விதம் வேறு, வாலில் கேட்கிற இடம் வேறு, பறக்கும்போது உங்கள் கை தேடிப் போகிற இடமும் வேறு. இதையெல்லாம் எலிவேட்டரை (வாலில் மேலும் கீழும் அசைந்து மூக்கை ஏற்றி இறக்கும் பரப்பு) மூடி ரிவெட் அடிப்பதற்கு முன்பே யோசித்துவிட வேண்டும். மூடிய பிறகு மனசு மாறினால் உலோகத்தை வெட்டித்தான் ஆக வேண்டும்.

ட்ரிம்மின் வேலை, விமானத்தை ஓட்டும் கோலான ஸ்டிக்கை நீங்கள் விடாமல் இழுத்தோ தள்ளியோ பிடித்திருக்க வேண்டிய விசையை எடுத்துவிடுவது. வேகம் மாறினாலும், ஃபிளாப் இறக்கினாலும், பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தாலும் அந்த விசை மாறும். இங்கே பெரும்பாலும் எலிவேட்டர் ட்ரிம்மைப் பற்றித்தான் பேசப்போகிறேன், ஏனென்றால் தப்பாகப் போனால் ஆபத்து அதில்தான் அதிகம்.

முதல் படி: உங்கள் வரைபடத்தில் எந்த வகை இருக்கிறது?

மோட்டாரா கையா என்பதற்கு முன்னால், ட்ரிம் எதை அசைக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான கிட் விமானங்களில் எலிவேட்டரின் பின்விளிம்பில் கீல் வைத்த ஒரு சின்ன டேப் இருக்கும். டேப் கீழே இறங்கினால் காற்று அதை மேலே தள்ளும், அந்தத் தள்ளலில் எலிவேட்டர் மேலே போகும், மூக்கு தூக்கும். அதாவது மூக்கைத் தூக்க டேப் இறங்க வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்கள் குழம்புகிற இடம் இதுதான், பிறகு சோதனை செய்யும்போது திரும்பவும் இதற்கு வருவோம்.

இன்னொரு வகை ஸ்பிரிங். டேப்பே கிடையாது, ஸ்டிக்கோடு இணைத்த ஸ்பிரிங்குகளை ஒரு பக்கமாக இறுக்கிவிடுகிறோம், அவ்வளவுதான். இறக்கையில் இருந்து விமானத்தை இடம் வலம் சாய்க்கும் ஏலரானின் ட்ரிம்முக்கு இது ரொம்பப் பொருத்தம். பைப்பர் கப் மாதிரி சில பழைய வடிவமைப்புகளில் திருகுத் தண்டு ஒன்று முழு ஸ்டெபிலைசரின் (எலிவேட்டரைத் தாங்கும் வால் இறக்கை) கோணத்தையே மாற்றும்.

வகை ஏன் முக்கியம் என்றால், டேப்பின் விசை வேகத்தின் இருமடிப்படி கூடும். 60 நாட்டில் (நாட் என்பது விமான வேகத்தின் அலகு) இருப்பதைவிட 120 நாட்டில் அதே டேப் கோணத்துக்கு 4 மடங்கு விசை. ஸ்பிரிங்குக்கு வேகம் தெரியாது, எந்த வேகத்திலும் அதே இழுப்புதான். ஆகவே டேப் வைத்த வேகமான விமானத்தில் மோட்டார் போடுகிறீர்கள் என்றால், மெதுவாக இறங்க வரும் அப்ரோச்சில் சோம்பலாகத் தெரிகிற அதே சர்வோ (டேப்பை நகர்த்தும் மோட்டார் பெட்டி), வேகமாகப் பறக்கும் குரூஸில் துள்ளும்.

இரண்டாம் படி: காக்பிட்டில் உட்கார்ந்து கையை நீட்டிப் பாருங்கள்

ஒரு பலகையைப் போட்டு, சீட் உயரத்தில் உட்கார்ந்து, பெல்ட்டை இறுக்கிக்கொள்ளுங்கள். வலது கை ஸ்டிக்கில், இடது கை இன்ஜின் பவரைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலில். இப்போது ட்ரிம் நாப் எங்கே இருக்கிறதோ அங்கே கை போகிறதா? த்ராட்டிலை விட்டுவிட்டுப் போகிறதா, அல்லது ஸ்டிக்கில் கையை மாற்றிக்கொண்டு போகிறதா? லேண்டிங்கைக் கைவிட்டு முழு பவர் கொடுத்து மேலே ஏறுகிற நேரத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் தேவைப்படும். மூக்கு தூக்கும்படி ட்ரிம் செய்த விமானம் முழு பவரில் இன்னும் தூக்கும், உங்கள் ஒரு கை அதை அழுத்திப் பிடித்திருக்கும், மற்றக் கை த்ராட்டிலில் இருக்கும்.

இந்த இடத்தில் கை ட்ரிம்முக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நெம்புகோல் வகையாக இருந்தால் ஒரே தள்ளலில் முழு ட்ரிம்மும் போய்விடும், மின்சார சர்வோ அதே தூரத்தைப் பல விநாடிகள் எடுத்து நகரும். ஸ்டிக்கின் மேலேயே பொத்தான் இருப்பது மின்சாரத்துக்கு நல்லது, கை எங்கேயும் போக வேண்டாம். முன்னும் பின்னுமாக இரண்டு சீட் இருந்தால், பின்சீட்டுக்கும் கை ட்ரிம் எட்டும்படி செய்வது பெரிய வேலை, அங்கே மின்சாரம் சுலபமாக ஜெயிக்கும். ஆட்டோபைலட் போட்டு, அதுவே ட்ரிம் செய்ய வேண்டும் என்று நினைத்தால் வேறு யோசனையே வேண்டாம், மோட்டார்தான்.

மூன்றாம் படி: கடைசியில் போய் மாட்டிக்கொண்டால்?

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்ய வேண்டியது இந்தக் கேள்விதான். எடை, காசு, அழகு எல்லாம் இதற்குப் பிறகு.

ட்ரிம் ஏதோ ஒரு கடைசியில் போய் நின்றுவிட்டது, திரும்பி வரவில்லை. உங்கள் ஒரு கையால் ஸ்டிக்கைப் பிடித்து, சுற்றி வந்து, பத்திரமாக இறக்க முடியுமா? கை ட்ரிம்மும் இறுகிப்போகலாம், ஆனால் பொதுவாக நீங்கள் கடைசியாக வைத்த இடத்தில்தான் நிற்கும். மோட்டார் அப்படி இல்லை. ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டாலோ, ரிலே (சின்ன மின்னோட்டத்தால் இயங்கும் ஸ்விட்ச்) உருகிப் பிடித்துக்கொண்டாலோ, ஒயர் உராய்ந்து ஷார்ட் ஆனாலோ நீங்கள் கேட்காமலே கடைசி வரை ஓடும். இதற்குத்தான் ரன்அவே ட்ரிம் என்று பெயர். அமெரிக்காவில் சிறிய விமானங்களுக்கான பழைய சான்றிதழ் விதிகள், நீண்ட நேரம் பிடித்திருக்க வேண்டிய எலிவேட்டர் விசைக்கு 10 பவுண்டு, அதாவது சுமார் 4.5 கிலோ, என்று எல்லை வைத்திருந்தன. வீட்டில் கட்டுகிற விமானத்தை அந்த விதி கட்டுப்படுத்தாவிட்டாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ள நல்ல எண். ஒரு சுருள்வில் தராசை ஏதாவது கைப்பிடியில் மாட்டி 4.5 கிலோ காட்டும்வரை ஒரு கையால் இழுத்து, பத்து நிமிடம் அப்படியே பிடித்துப் பாருங்கள். அப்புறம் ட்ரிம் வரம்பைப் பற்றி உங்களுக்கு வேறு அபிப்பிராயம் வந்துவிடும்.

ஆகவே டேப் எவ்வளவு போக முடியும் என்பதற்கு வடிவமைப்பாளர் சொன்ன எல்லைக்கு மேல் ஒரு டிகிரிகூடக் கூட்டாதீர்கள். "கொஞ்சம் அதிகமாக இருந்தால் நல்லதுதானே" என்பது இந்த இடத்தில் செல்லாது.

கை ட்ரிம் என்று முடிவு செய்தால்

புஷ்-புல் கேபிள் என்பது உறைக்குள் ஓடும் கம்பி, சைக்கிள் பிரேக் கேபிளின் தடித்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள், இழுக்கவும் செய்யும், தள்ளவும் செய்யும். அதைக் காக்பிட்டிலிருந்து வால்வரை கொண்டுபோகும்போது வளைவுகள் பெரிதாக, எண்ணிக்கையில் குறைவாக இருக்கட்டும். உறையின் இரண்டு முனையும் அசையாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும், முனை அசைந்தால் நீங்கள் திருப்புவதில் பாதி உறையை நெளிக்கத்தான் போகும். உறைக்குள் ஈரம் புகுந்தால் உயரத்தில் உறைந்துபோகவும் வாய்ப்புண்டு.

நாப் தன் இடத்தில் தானாக நிற்க வேண்டும். திருகு வகையோ நல்ல உராய்வுப் பூட்டோ இல்லாவிட்டால் காற்று டேப்பைத் தள்ளித் தள்ளி ட்ரிம்மை நகர்த்திவிடும்.

மின்சாரம் என்று முடிவு செய்தால்

இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள், கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

வீட்டில் கட்டும் விமானங்களில் பரவலாகப் பார்ப்பது ரே ஆலன் நிறுவனத்தின் சர்வோக்கள். டி2-7ஏ மாடலின் தண்டு 0.7 அங்குலம் நகரும், டி3-12ஏ மாடலில் 1.2 அங்குலம். உங்கள் டேப்பின் கொம்பு (தண்டு வந்து இணையும் நீட்டம்) எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்குப் பார்த்துத்தான் மாடலைத் தேர்வு செய்ய வேண்டும். சர்வோவிலிருந்து 5 மெல்லிய ஒயர்கள் வரும்: மோட்டாருக்கு வெள்ளையில் 2, ட்ரிம் எங்கே நிற்கிறது என்று பேனலில் காட்டுவதற்கு 3. வெள்ளை இரண்டையும் மாற்றி இணைத்தால் ஓடும் திசை மாறும்.

சர்வோ எலிவேட்டருக்குள்ளேயே உட்கார்கிறது என்றால் எடைச் சமநிலையைக் கவனியுங்கள். கைக்குள் அடங்கும் சின்னப் பெட்டிதான், ஆனாலும் அது கீல் கோட்டுக்குப் பின்னால் இருக்கிறது. எலிவேட்டரின் எதிர் எடையைச் சர்வோ, டேப், தண்டு எல்லாம் மாட்டி, பெயின்ட் அடித்த பிறகு சரிபார்க்க வேண்டும். இது ஃபிளட்டர் விவகாரம், அதாவது காற்றோட்டத்தில் பரப்பு தானாக அதிர ஆரம்பித்து உடைந்துபோகிற ஆபத்து, சமரசம் கிடையாது.

அடுத்து ஸ்விட்ச். பேனலில் ஒரே ஒரு ஸ்விட்ச் போதும் என்றால், கையை எடுத்ததும் நடுவுக்குத் திரும்பும் டிபிடிடி ஸ்விட்ச் வாங்குங்கள். அது மோட்டாரின் இரண்டு ஒயர்களையும் சேர்த்து மாற்றும், ஆகவே ஒரு தொடுமுனை மட்டும் ஒட்டிக்கொண்டால் மோட்டார் ஓடாது. இந்தச் சின்ன சர்வோக்கள் இழுக்கும் மின்னோட்டம் ரொம்பக் குறைவு, ஸ்விட்ச் வழியாக நேரடியாகவே கொடுக்கலாம். ஸ்டிக்கில் உள்ள பொத்தான்கள் வேறு ரகம், அவற்றுக்கு ஒரு தொடுமுனைதான், அதனால் நடுவில் ரிலே தேவைப்படும். இரண்டு ஸ்டிக்கிலும் பொத்தான் வேண்டும் என்றாலும் ரிலேதான். ரிலே வந்தால் கெட்டுப்போக இன்னொரு பொருள் வந்தது என்று அர்த்தம், ஆகவே அப்போது இதையும் சேர்த்துச் செய்யுங்கள்: ட்ரிம்முக்கு மட்டும் தனியாக ஒரு சர்க்கியூட் பிரேக்கர், பிடித்து இழுத்து அணைக்கிற வகை, பெல்ட் இறுக்கிய நிலையில் கை எட்டுகிற இடத்தில். ஃபியூஸ் மட்டும் போட்டால் போதாது. ரன்அவேயில் மோட்டார் வழக்கமான மின்னோட்டத்தில்தான் ஓடும், ஃபியூஸுக்கு எரிய ஒரு காரணமும் இருக்காது.

வேகமான விமானம் என்றால் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் போடுங்கள், குரூஸில் சர்வோவை மெதுவாக்கும். ஒயர்கள் எலிவேட்டருக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளையம் விட்டு, இரு பக்கமும் கட்டி, நடுவில் கழற்றக்கூடிய கனெக்டர் வையுங்கள். சர்வோவுக்கு அடியில் திருகு மூடி போட்ட ஒரு திறப்பும் வேண்டும்.

தரையில் சோதனை

ஒருவர் உட்கார்ந்து மூக்கு மேலே என்று அழுத்தட்டும், நீங்கள் வாலருகில் நின்று டேப் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். மேலே போனால் இணைப்பு தலைகீழ். "மேலே" என்று அழுத்தும்போது டேப் கீழே போவதைப் பார்த்து, சரியாக இருப்பதை மாற்றி இணைத்துவிடுகிற ஆபத்தும் இருக்கிறது, அதனால்தான் முதலிலேயே சொன்னேன். கை ட்ரிம்முக்கும் இதே சோதனைதான். ஒயரை எப்போது கழற்றி மாட்டினாலும் திரும்பவும் செய்யுங்கள்.

அப்புறம் டேப்பின் பின்விளிம்பை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். ஆட்டம் இருக்கிறதா? கொம்பிலிருக்கும் பின் தேய்ந்திருக்கலாம், இணைப்பு தளர்ந்திருக்கலாம். தண்டு கழன்று தன்னிஷ்டத்துக்கு ஆடும் டேப், தப்பான இடத்தில் மாட்டிக்கொண்ட டேப்பைவிட மோசம், ஃபிளட்டர் ஆரம்பிக்கிற இடம் அது. ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் அந்த இரண்டு விரல் சோதனை இருக்கட்டும்.

வானத்தில்

சோதனைப் பறப்புகளில், போதிய உயரத்தில், மெதுவான வேகத்தில், ட்ரிம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் கொண்டுபோய் ஸ்டிக் விசையைக் கவனியுங்கள். கனமாகிறது என்று தோன்றினால் அங்கேயே நிறுத்தித் திரும்புங்கள். இறங்கிய பிறகு டேப்பின் எல்லையைக் குறைப்பதா என்று வடிவமைப்பாளரிடம் கேளுங்கள். மின்சார ட்ரிம் தானாக ஓட ஆரம்பித்தால் வரிசை இது: ஸ்டிக்கை இறுக்கிப் பிடி, பிரேக்கரை இழு, வேகத்தைக் குறை. டேப் வகையில் வேகம் குறைந்தால் விசையும் குறையும், ஸ்டால் வேகத்தை (அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) மட்டும் மறக்க வேண்டாம். பிரேக்கரைக் கண் மூடிக்கொண்டு தொடுகிற அளவுக்குத் தரையிலேயே பழகிவிடுங்கள்.

சரி, எனக்கு எது பிடிக்கும்? மெதுவான, ஆட்டோபைலட் இல்லாத, பக்கத்துப் பக்கத்துச் சீட் விமானத்துக்கு நான் கை ட்ரிம்மைத்தான் சொல்வேன், நாப் எட்டுகிற இடத்தில் இருந்தால். வரைபடத்திலேயே சர்வோவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள், நீங்கள் நீண்ட தூரம் பறப்பீர்கள், ஆட்டோபைலட் வரப்போகிறது என்றால் மின்சாரம், ஆனால் சர்வோவை வாங்கும் அதே நாளில் பிரேக்கரையும் வாங்கிவிடுங்கள். ஏலரானுக்கு ஸ்பிரிங் ட்ரிம் போதும், இறக்கைகளில் எரிபொருள் சமமில்லாதபோது உதவும். மூக்கை இடம் வலம் திருப்பும் ரடருக்குப் பெரும்பாலும் தரையில் வளைத்துச் சரிசெய்யும் சின்னத் தகடே வேலையை முடித்துவிடும்.